ஊருக்குத் தாளம், வீட்டுக்கு வெறுங்கை

இசைக்கு எல்லை இல்லை என்பது யாவரும் அறிந்த பேச்சு. மேடையிற் பேசுவோரும் சொல்வர். பாடப் புத்தகங்களும் சொல்லும். ஆனால், அந்த இசையாற் பிறக்கும் காசு எந்த எல்லையைத் தாண்டுகிறது, எந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்று கேட்போர் மிகச் சிலர். இவ்வாரம் அக்கேள்வியைக் கேட்கும்படி எம்மைத் தூண்டியது, நெடுநாளாக நாம் விரும்பிக் கேட்டுவரும் ஓர் அயல்நாட்டுச் சங்கீதம். அதன் பெயர் கொம்பா. பிறந்த நாடு ஹெயிட்டி.

"எங்கேயோ கிடக்கும் ஒரு தீவின் ஆட்டப் பாட்டு எமக்கு எதற்கு?" என்று வாசகருட் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மொன்றியல் நகரிலும் பரிஸ் புறநகர்களிலும் வாழும் உறவினர் இருப்பின், அவர்களிடம் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அங்கே எம்மவர் வாழும் மாடிவீடுகளின் அயலிலேயே ஹெயிட்டி மக்களும் வாழ்கின்றனர். சனிக்கிழமை இரவு அவர்கள் வீட்டிலிருந்து வரும் அந்த ஓயாத, அவசரமற்ற தாளம் பெரும்பாலும் கொம்பாவாகவே இருக்கும். அயல் வீட்டாரின் பெயரை அறிந்துகொள்வது நல்ல பழக்கம். அவர்தம் பாட்டின் பெயரை அறிவதும் அத்தகையதே.

ஹெயிட்டி, கரிபியன் கடலிலுள்ள ஹிஸ்பானியோலா என்னுந் தீவின் மேற்குப் பாகம். கிழக்குப் பாகம் டொமினிக்கன் குடியரசு. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த ஆபிரிக்க மக்கள் ஆயுதமேந்திப் போராடி, 1804ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி அதனைச் சுதந்திர நாடாக்கினர். அச்சுதந்திரத்தை ஏற்றுக்கொள்வதற்கு விலையாக 1825இல் பிரான்சு 150 மில்லியன் பிராங்கு கேட்டது. பின்னர் அத்தொகை 90 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. இழப்பீடு யாருக்கு? அடிமைப்பட்டிருந்தவர்க்கன்று; அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்த எசமானருக்கு! அக்கடனும், அதைத் தீர்ப்பதற்காக வாங்கிய கடன்களும் 1947 வரை அந்நாட்டைப் பற்றியிருந்தன. உழைத்தவன் ஒருவன், கணக்கெழுதியவன் மற்றொருவன் என்னும் இச்சரித்திரத்தை வாசகர் மனத்திற் கொள்வாராக. அந்நாட்டுச் சங்கீதத்தின் கதையிலும் இதன் சாயல் உண்டு.

கொம்பாவுக்குப் பிறந்த ஆண்டு உண்டு. தந்தையின் பெயரும் உண்டு. நெமூர் ஜான்-பத்தீஸ்த் என்பவர் 1918இற் பிறந்த சாக்ஸபோன் வித்துவான். 1955ஆம் ஆண்டு தலைநகராகிய போர்ட்-ஓ-பிரின்சில் தம் கோஷ்டியுடன் புதியதொரு தாளக்கட்டை அவர் மேடையேற்றினார். 'கொம்பா டிரெக்ட்' என்று அதற்குப் பெயர் சூட்டினார். தாளம், அளவு என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். தலைநகரை அடுத்த கார்ஃபூர் என்னுமிடத்திலிருந்த நடன மண்டபம் ஒன்றின் பெயரையே அவருடைய கோஷ்டி தாங்கியிருந்தது. இத்தாளம் வானத்திலிருந்து குதித்ததன்று. ஹெயிட்டியின் பழைய மெறாங் நடன இசை, டொமினிக்கன் நாட்டு மெரெங்கே, கியூபாவின் பாட்டுகள் ஆகிய யாவும் அதிற் கலந்துள்ளன. நல்ல சமையற்காரர் சந்தைச் சரக்கைக் கொண்டே தமக்கென ஒரு சுவையை ஆக்குவதுபோல ஆக்கினார் நெமூர்.

கேட்டறியாதவர்க்கு அச்சுவையை எவ்வாறு விளக்குவது? முதலில் மணியின் ஒலியிற் காதைச் செலுத்துங்கள். மாட்டின் கழுத்து மணியை ஒத்த ஓர் உலோக மணி, அதற்குத் துணையாக ஒரு பெரிய முரசு, கையால் அறையப்படும் 'தன்பூ' என்னும் ஒருமுகத் தோற்கருவி ஆகிய மூன்றும் மூன்று புரி கயிறுபோற் பின்னி இடைவிடாது ஓடும். அதன்மேற் கிற்றார் சிறு சிறு கோவைகளைத் திரும்பத் திரும்ப மீட்டும். பாட்டின் முற்பாகம் பாடகருக்குரியது. பிற்பாகத்தில் அவர் சற்றே ஒதுங்க, ஊதுவாத்தியங்கள் முன்வரும். இக்காலக் கோஷ்டிகளில் மின் விசைப்பலகை முன்வரும். ஆடுவோர் சோடி சோடியாக நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகராது ஆடுவர். அவசரப்படாமையே கொம்பாவின் அழகு என்பது எமது கருத்து. எட்டு நிமிடம் ஒரே தாளம் ஓடும். எட்டாம் நிமிடத்திலேதான் முதல் நிமிடத்தின் பொருள் விளங்கும்.

பாட்டின் மொழி பெரும்பாலும் கிறியோல். கற்றோரும் அதிகாரிகளும் பிரெஞ்சிலே எழுதிக்கொண்டிருந்த நாட்டில், சந்தையிலும் அடுப்படியிலும் வழங்கிய மொழி அது. 1987இல் வந்த அரசியலமைப்பே அதனைப் பிரெஞ்சுக்கு நிகரான அரசகரும மொழி ஆக்கிற்று. நடன மண்டபத்தில் அம்மொழிக்கு அரியாசனம் கிடைத்தது அதற்குப் பல ஆண்டுகள் முந்தியே. ஒரு மொழிக்குச் சட்டம் செய்யுந் தொண்டைப் பாட்டு முந்திச் செய்துவிடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

நெமூருக்கு ஓர் எதிராளி வாய்த்தார். அவர் வெபெர் சிக்கோ. ஒருகாலத்தில் நெமூருடன் சேர்ந்து வாசித்தவர். பின்னர்ப் பிரிந்துபோய், 1960களின் தொடக்கத்தில் 'காடான்ஸ் றாம்பா' என்ற பெயரில் தமது தாளத்தை முன்வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு வேறுபாடு மிகச் சிறிதாகவே தோன்றும். ஆயினும் இரு தலைவரும் ஒருவரையொருவர் பாட்டிலே சீண்டினர். களியாட்ட ஊர்வலத்தில் இரு கட்சி அபிமானிகளும் தத்தம் நிறங்களோடு திரண்டனர். சாக்ஸபோன் வித்தையிற் சிக்கோவே வல்லவர் என்பது எமது அபிப்பிராயம். ஆடுவோர் கால் எப்போது களைக்கும், எப்போது துடிக்கும் என்று அறிந்ததில் நெமூரை மிஞ்ச ஆளில்லை. இருவரும் 1985ஆம் ஆண்டிலேயே ஒருவர்பின் ஒருவராகக் காலமாயினர். அவர்கள் மூட்டிய போட்டியால் ஆண்டுதோறும் புதுப்பாட்டு வேண்டியிருந்தது, நாட்டுக்கு நட்டமில்லை.

இன்னொருவரையும் இங்கே நினைவுகூராதிருத்தல் தகாது. ஜெஸ்னர் ஆன்றி என்பது அவருடைய இயற்பெயர். உதைபந்தாட்டக்காரராக இருந்தவர், அவ்விளையாட்டில் வழங்கிய சொற்களே 'கூப்பே குளூவே' என்று அவருக்கு மேடைப் பெயராயின. தமது பாணியை அவர் 'கொம்பா மம்பா' என்றார். மம்பா என்பது அந்நாட்டிலே பாணுக்குப் பூசும் நிலக்கடலை வெண்ணெய்! அவரது தாளமும் அப்படியே, வழுக்கிக்கொண்டு மெல்ல இறங்கும். பாட்டின் நடுவே அவர் சொல்லும் இரட்டைப் பொருட் கதைகளைக் குடும்பத்தோடு வாசிக்கும் இப்பக்கத்தில் விரித்தல் இயலாது. மேற்கு ஆபிரிக்காவிலும் புகழ்கொண்டிருந்த அவர் 1998இல் மறைந்தார்.

1960களின் நடுப்பகுதியிற் பெரிய கோஷ்டிகளின் இடத்தைச் சிறிய கோஷ்டிகள் பிடித்தன. குட்டைப் பாவாடை நாகரிகம் பரவிய அக்காலத்தில், அவற்றுக்கு 'மினி ஜாஸ்' என்று பெயர் வந்தது. அயலிலுள்ள வாலிபர் சிலர் கூடுவர். இரண்டு கிற்றார், மேளம், மணி, ஒரு சாக்ஸபோன் இருந்தாற் போதும். 1965இல் தோன்றிய ஷ்ளூ-ஷ்ளூ, 1968இல் பெத்தியோன்-வில் பகுதியிற் பிறந்த தபூ கொம்போ ஆகியவை அவற்றுட் பேர்பெற்றன.

அதே காலத்தில் நாட்டை ஆண்டவர் பிரான்சுவா துவாலியே. 1957 முதல் 1971 வரை அவரும், அவருக்குப்பின் 1986 வரை அவர் மகனும் நடத்திய கொடுங்கோலாட்சியில் ஹெயிட்டியர் ஆயிரமாயிரமாய் வெளியேறினர். நியூயோர்க், மியாமி, மொன்றியல், பரிஸ் என்னும் நகரங்கள் அவர்களுக்குப் புகலிடமாயின. சனம் போன வழியே சங்கீதமும் போயிற்று. தபூ கொம்போ 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க்கிற் குடியேறியது. அந்நகரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அதன் பாட்டு 1975இல் பிரான்சிற் பெருவெற்றி பெற்றது. ஹெயிட்டியர் நியூயோர்க்கிலிருந்து பாட, பரிஸ் ஆடிற்று. புரூக்ளின் பகுதியில் மார்க் ரெக்கோர்ட்ஸ், மினி ரெக்கோர்ட்ஸ் முதலிய இசைத்தட்டு நிறுவனங்கள் எழுந்தன. கொம்பாவின் கடையும் கணக்கும் தாய்நாட்டைவிட்டு வெளியே போன காலம் அதுவே.

தாளம் இன்னுந் தூரம் போயிற்று. நெமூரும் சிக்கோவும் 1960களிற் சென்று வாசித்த பிரெஞ்சுத் தீவுகளாகிய குவாதலூப்பும் மார்த்தினிக்கும் அதனைத் தமதாக்கிக்கொண்டன. டொமினிக்கா என்னும் சிறுதீவினரான கோர்டன் ஹென்டர்சனும் அவருடைய 'எக்சைல் வன்' கோஷ்டியும் 1970களில் அதனோடு கலிப்சோவைக் கலந்து 'காடன்ஸ்-லிப்சோ' ஆக்கினர். 1979இல் பரிசில் உருவான கஸ்ஸாவ் கோஷ்டியினர் இவற்றோடு தம் தீவுகளின் மேளங்களையும் நவீன ஒலிப்பதிவுக் கூடத்தின் நுட்பத்தையுஞ் சேர்த்து 'சூக்' என்னும் இசையை வளர்த்தனர். 1984இல் அவர்கள் வெளியிட்ட பாட்டு உலகைச் சுற்றி வந்தது. இதில் நாம் குறைகாணவில்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குன்றுவதில்லை. ஆனால் முதல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவார் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது.

இங்கேதான் கொம்பாத் தொழிலைப் பற்றிய எமது மனத்தாங்கல் தொடங்குகிறது.

அத்தொழிலின் அத்திவாரம் 'பால்' எனப்படும் இரவு நடனக் கூட்டம். வாசலிற் சேரும் நுழைவுச்சீட்டுப் பணமே கோஷ்டியைத் தாங்குகிறது. இசைத்தட்டும், பின்வந்த குறுந்தட்டும், இன்றைய இணையப் பாட்டும் பெரும்பாலும் அடுத்த நடனத்திற்கு விளம்பரமாகவே பயன்படுகின்றன. ஆகவே பாட்டை இயற்றியவர்க்கும் மெட்டமைத்தவர்க்கும் உரிய பங்கைக் கவலையோடு எழுதிவைக்கும் வழக்கம் வலுப்பெறவில்லை. ஆடும் இரவு கழிந்ததும் வருமானமும் கழிந்துவிடும். முதுமையில் வித்துவானுக்கு எஞ்சுவது பெயர் மாத்திரமே. பாட்டின் நடுவே விழா அமைப்பாளர், கடைக்காரர், நண்பர் ஆகியோரின் பெயர்களைப் பாடகர் கூவி வாழ்த்தும் வழக்கத்தைக் கேட்டிருப்பவர் அறிவர். உரிமைப் பணம் ஒழுங்காக வரும் தொழிலில், புரவலர் பெயரைப் பாட்டுக்குள்ளே நுழைக்கவேண்டிய தேவை இராது என்றே நாம் எண்ணுகிறோம்.

இரண்டாவது குறை, பிளவு. ஷ்ளூ-ஷ்ளூவிலிருந்து வந்தவர்கள் நியூயோர்க்கில் ஸ்கா ஷா கோஷ்டியை அமைத்தனர். பெத்தியோன்-விலின் வேறொரு கோஷ்டி டீ.பீ. எக்ஸ்பிரஸ் ஆயிற்று. இக்காலத்து உதாரணம் வேண்டுமாயிற் கரிமியைப் பாருங்கள். கார்லோ, ரிச்சர்ட், மிக்காயல் என்னும் மூன்று நண்பரின் பெயர்களின் முதலெழுத்துகளாலான பெயர் அது. 2001இல் தாய்நாட்டின் துயரைப் பாடிப் புகழ்பெற்ற அக்கோஷ்டி 2016இற் கலைந்தது. உடனே அதிலிருந்து கை, வைப் என இரண்டு கோஷ்டிகள் முளைத்தன. மரம் கிளைவிடுவது நன்றுதானே என்பர் சிலர். கிளைவிடுதல் வேறு, பிளத்தல் வேறு. ஒவ்வொரு பிரிவிலும் பழைய பாட்டுகள் யாருக்குச் சொந்தம், பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எழும். தொடக்கத்திலே ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய சச்சரவுகள் நட்பையே அழித்துவிடும்.

இவ்வாறாகத்தான் ஆகவேண்டும் என்று விதியில்லை. வடக்கே காப்-ஹெயிட்டியன் நகரிற் செப்தென்றியோனால் என்னும் பெருங்கோஷ்டி 1948இலே, கொம்பா பிறக்குமுன்பே, தொடங்கியது. அதே நகரில் 1963இல் திறொப்பிக்கானா தொடங்கியது. கொடுங்கோல், புயல், பஞ்சம் யாவற்றையும் கடந்து இரண்டும் வந்துள்ளன. செப்தென்றியோனாலை நெடுங்காலம் நடத்திய ஹுல்ரிக் பியேர்-லூயி 2009இற் காலமானார், கோஷ்டி காலமாகவில்லை. ஆள் போவார், ஆள் வருவார். பெயரும் பாட்டும் நிறுவனத்தின் சொத்தாய் நிற்கும். தலைநகரின் மினுமினுப்பு அவற்றுக்கில்லை என்று எள்ளுவோர் உளர். எமக்கோ, முகப்பூச்சினும் முதுகெலும்பே பெரிதாய்த் தோன்றுகிறது.

புகழுக்கு மாத்திரம் கொம்பாவிற் குறைவில்லை. 'சுவீற் மிக்கி' என்னும் பெயரால் மேடைகளைக் கலக்கிய மிஷேல் மார்த்தெலி என்ற பாடகர் 2011 முதல் 2016 வரை ஹெயிட்டியின் ஜனாதிபதியாகவே இருந்தார். கொம்பாக்காரர் ஒருவர் நாட்டின் உச்சிப் பதவியை அடைந்தும், கொம்பாத் தொழிலின் அத்திவாரம் உறுதிப்படவில்லை என்பதே எமது கணிப்பு. கைதட்டல் ஒன்று, கட்டுக்கோப்பு வேறொன்று.

இன்று இக்குறைகள் முன்னெப்போதினும் கொடியனவாகத் தோன்றுகின்றன. 2021 ஜூலையில் ஜனாதிபதி மொயீஸ் கொலையுண்டபின், ஆயுதக் குழுக்கள் தலைநகரின் பெரும்பகுதியைத் தம் பிடிக்குட் கொண்டுவந்தன. 2024 நவம்பரில் விமானங்கள் மீதே துப்பாக்கிச் சூடு நடந்தது. 2025இல் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. வீட்டைவிட்டு இரவில் வெளியேற அஞ்சும் நகரில் நடன மண்டபம் ஏது? நெமூரின் தாளம் முதன்முதல் ஒலித்த ஊரில், ஓர் இளைஞன் மாலையில் வேலிக்கு வெளியே நின்று கோஷ்டியின் ஒத்திகையைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு அருகிவருகிறது. வெளிநாட்டிற் சந்தை இருக்கிறது. ஆனால் நாற்றுமேடை தாய்மண்ணிலன்றோ இருந்தது!

மறுபுறத்தில் ஒரு விந்தை. பிரான்சிற் பிறந்த ஹெயிட்டி வமிசத்துப் பாடகர் ஜோ டுவெத் ஃபிலே 2024இல் வெளியிட்ட '4 காம்பே' என்னும் கொம்பாப் பாட்டு, ஹெயிட்டி எங்கே இருக்கிறதென்றே அறியாத இளைஞரையும் ஆடவைத்தது. 2025இல் நைஜீரியப் புகழ்ப் பாடகர் பேர்னா போய் அதன் இரண்டாம் வடிவத்திற் சேர்ந்து பாடினார். தமது பழைய பாட்டின் பகுதி அதில் அனுமதியின்றி எடுத்தாளப்பட்டதாக ஹெயிட்டிய இசைக் கலைஞர் ஒருவர் அவ்வாண்டே அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கிட்டார். நீதி யார் பக்கம் என்று தீர்ப்பது எமது தொழிலன்று. ஆயினும் பங்கு எவ்வளவு, யாருக்கு என்ற கேள்வி ஈற்றில் நீதிமன்றப் படியேறியதே, அதனை நல்ல சகுனமாகவும் கொள்ளலாம். கேளாத உரிமை கிடைப்பதில்லை.

பாட்டைச் சுருக்குவதால் மாத்திரம் உலகை வெல்லலாம் என்னும் எண்ணத்தை நாம் ஏற்கவில்லை. கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத் துண்டாக ஓடும்போது கொம்பாவின் முற்பாகம் மாத்திரமே எஞ்சுகிறது. ஆடுவோர்க்காகவே ஏற்பட்ட பிற்பாகம் வெட்டுண்டு போகிறது. வாசற்படியைக் காட்டிவிட்டு இதுதான் வீடு என்பதுபோன்றது அது. இளம் பாடகர் குறும்பாட்டால் ஆளை அழைக்கட்டும். அழைத்தபின் நெடும்பாட்டால் விருந்தளிக்கட்டும்.

2022 ஒக்தோபர் 15ஆந் திகதி, பரிசின் பெரிய அரங்கொன்றில், பிரிந்த கரிமி நண்பர்கள் மீண்டும் ஒன்றுகூடிப் பாடினர். அவர்களின் அழைப்பையேற்று மேடையேறிய மிக்காபென் என்னும் பாடகர், பாடிவிட்டுத் திரும்புகையில் விழுந்து உயிர்நீத்தார். வயது 41. பாடகராக மாத்திரமன்றிப் பிறர்க்குப் பாட்டமைத்துக் கொடுத்தவராகவும் விளங்கியவர் அவர். அச்செய்தி கேட்டு, பல நாடுகளிற் சிதறிக் கிடந்த ஹெயிட்டியர் ஒரே குடும்பமாய் அழுதனர். நாடு தர இயலாத ஒற்றுமையை அன்று ஒரு பாட்டுக்காரரின் பிரிவு தந்தது. அத்தகைய மக்களை ஒரு கயிற்றிற் கட்டிவைத்திருக்கும் சங்கீதத்தை வெறும் கேளிக்கை என்று தள்ளிவிடலாமோ?

மாணவ நேயர்களே, உங்களுக்கு ஒரு சொல். பாட்டுக் கேட்பது இன்று மிக எளிது. விரலால் தொட்டாற் போதும். தொட்ட விரலை இன்னொருமுறை அசைத்து, அப்பாட்டை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், மேளம் அடித்தவர் யார் என்று பாருங்கள். பெயர் இல்லையெனில், ஏன் இல்லை என்று கேளுங்கள். எக்கோஷ்டி பெரிது என்று நண்பரோடு வாதாடுவது இன்பந்தான். நெமூரா சிக்கோவா என்று ஹெயிட்டியர் இன்றுந்தான் வாதாடுகின்றனர். அவ்வாதத்திற் செலவிடும் நேரத்திற் பத்தில் ஒரு பங்கை இசைத்தவரின் பங்கைப் பற்றிக் கேட்பதிற் செலவிட்டால், இரசிகர் கூட்டமே ஒரு காவற்படை ஆகிவிடும்.

கேட்கத் தொடங்க விரும்புவோர் முதலில் நெமூரின் பழைய பதிவு ஒன்றையும், பின்னர்த் தபூ கொம்போவையும், அதன்பின் செப்தென்றியோனாலையும் கேட்பாராக. வேலை செய்துகொண்டே கேட்கலாம். தாளம் கையை விரைவுபடுத்தாது, சோரவும் விடாது. எட்டு நிமிடமும் முடியுமட்டும் நிறுத்தாதீர்கள். முடிந்தபின், அதனை உலகுக்குத் தந்தவர்க்கு உலகு இன்னும் எவ்வளவு தரவேண்டியிருக்கிறது என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.